சொந்தப் பாட்டோடு சொந்த ஊரில் வாழ்வது: ஒரு விரிவான பதில்

சொந்தமாகப் பாட்டெழுதி மெட்டமைக்கும் ஒருவர், எந்த இசை நிறுவனத்தோடும் ஒப்பந்தம் செய்துகொள்ளாமல், தாம் வாழும் ஊரின் சிறிய மேடைகளை நம்பி இசையையே வாழ்க்கையாகக் கொள்ள முடியுமா, அப்படிப்பட்டவரின் அன்றாடம் எப்படி இருக்கும், ஒரு கட்டத்தில் பெருநகரத்துக்குக் குடிபெயர்ந்துதான் ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீண்ட காலமாகச் சிறிய அரங்குகளில் வாசித்தும், பிறருடைய நிகழ்ச்சிகளுக்கு ஒலி அமைத்தும் வருபவன் என்ற முறையில், முதல் கேள்விக்கு முடியும் என்றே பதில் சொல்வேன். ஆனால் மேடைச் சன்மானத்தை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்திவிடலாம் என்ற பொருளில் அதைச் சொல்லவில்லை. நான் பார்த்தவரையில், நிலைத்து நிற்கும் சுயாதீனக் கலைஞர்கள் நான்கைந்து சிறு வருவாய்களைச் சேர்த்துப் பிழைப்பவர்கள். அந்த வருவாய்கள் எங்கிருந்து வந்தன என்று பின்னோக்கிப் பார்த்தால், பெரும்பாலானவை ஊரில் அவர்களை நேரில் அறிந்த ஐம்பது அறுபது பேர் வழியாகவே வந்திருக்கும். முகம் தெரியாத லட்சம் பேரை இணையத்தில் தேடுவதற்குச் செலவாகும் நேரத்தில் பாதியை அந்த அறுபது பேருக்குக் கொடுப்பவருக்குத்தான் இந்த வாழ்க்கை கைகூடுகிறது என்பது என் உறுதியான எண்ணம். கீழே எழுதுவதெல்லாம் அந்த எண்ணத்துக்கான காரணங்களும், அதன்படி நடப்பதற்குத் தெரிந்திருக்க வேண்டியவையும்தான்.

உள்ளூர் இசைச்சூழல் என்றதும் மேடையில் நிற்பவர்கள்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். மானுடவியலாளர் ரூத் ஃபின்னகன் 1980களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகரில் ராக் குழுக்கள், ஜாஸ் குழுக்கள், பித்தளை வாத்தியக் குழுக்கள், தேவாலயப் பாடகர்கள், நாட்டுப்புற இசைக் கூட்டங்கள் என்று எல்லாவற்றையும் அருகிருந்து கவனித்து 1989இல் நூலாக வெளியிட்டார். ஒரு சாதாரண ஊரின் இசை, வெளியே பெயர் தெரியாத ஏராளமானோரின் இடைவிடாத உழைப்பால்தான் நடக்கிறது என்பதை அந்த ஆய்வு காட்டியது. அறையைத் திறந்துவிடுபவர், நாற்காலி போடுபவர், ஒலிகளைக் கலந்து அளவு சரிசெய்யும் மிக்சர் கருவியின் முன்னால் உட்காருபவர், சுவரொட்டி வரைபவர், வாசலில் பணம் வாங்குபவர், வாத்தியம் பழுது பார்ப்பவர், ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தவறாமல் வந்து முன்வரிசையில் நிற்பவர் ஆகிய எல்லோரும் சேர்ந்ததுதான் அந்தச் சூழல். ஒரு கலைஞர் சுயாதீனமாக இருப்பதென்றால், நிறுவனம் செய்திருக்கக்கூடிய வேலைகளையெல்லாம் இவர்களோடு பங்கிட்டுச் செய்துகொள்வது என்று பொருள். யாருடைய துணையும் இல்லாமல் எல்லாவற்றையும் தாமே செய்ய முயல்பவர்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் களைத்து ஒதுங்கிவிடுகிறார்கள்.

வரலாற்றில் இதற்கு நல்ல சான்றுகள் உண்டு. 1980இல் வாஷிங்டன் டி.சி.யில் இயன் மெக்கே, ஜெஃப் நெல்சன் முதலிய இளைஞர்கள் டிஸ்கார்டு என்ற வெளியீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களுடைய டீன் ஐடில்ஸ் குழு கலையும் நிலைக்கு வந்துவிட்டது. நிகழ்ச்சிகளில் கிடைத்து, பிரித்துக்கொள்ளாமல் சேர்த்து வைத்திருந்த பணம் கையில் இருந்தது. அதைக் கொண்டு தங்கள் பாடல்களை இசைத்தட்டாக்கினார்கள். அதன்பின் தங்கள் ஊரின் குழுக்களையே வெளியிடுவது என்ற கொள்கையோடு அந்த நிறுவனம் பல பத்தாண்டுகள் நடந்தது. மெக்கே பின்னர் இருந்த ஃபுகாசி குழு, எல்லா வயதினரும் வரக்கூடிய இடங்களில், நுழைவுக் கட்டணத்தை ஐந்து டாலரையொட்டி வைத்துக்கொண்டு வாசித்தது. மது விற்கும் இடங்களில் மட்டுமே நிகழ்ச்சிகள் நடக்கும் ஊர்களில் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு உள்ளே நுழைய வழியில்லை என்பதையும், அடுத்த தலைமுறைக் குழுக்கள் அந்தப் பிள்ளைகளிடமிருந்துதான் வர வேண்டும் என்பதையும் சேர்த்து எண்ணினால் அந்த முடிவின் அருமை விளங்கும்.

நியூசிலாந்தின் கதை இன்னும் சிறிய அளவில் நடந்தது. 1981இல் கிறைஸ்ட்சர்ச் நகரில் ஓர் இசைத்தட்டுக் கடையில் மேலாளராக இருந்த ரோஜர் ஷெப்பர்ட், ஃப்ளையிங் நன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். டனீடின் நகரிலிருந்து வந்த தி க்ளீன் குழுவின் முதல் சிங்கிள், அதாவது ஒற்றைப் பாடல் இசைத்தட்டு, மிகக் குறைந்த செலவில் பதிவாகி, அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் முதல் இருபது இடங்களுக்குள் நுழைந்தது. அவர்களுடைய அடுத்த வெளியீடு, நான்கு ஒலிகளைத் தனித்தனித் தடங்களில் பதியும் நான்கு தட ரிக்கார்டர் ஒன்றில் பதிவானது. அந்தக் கருவிக்குச் சொந்தக்காரரான கிறிஸ் நாக்ஸ், முன்பே வேறு குழுக்களில் பாடி அனுபவம் பெற்றிருந்த சக கலைஞர். கடை மேலாளர் ஒருவரிடம் விநியோகம் பற்றிய அறிவு இருந்தது, மூத்த கலைஞர் ஒருவரிடம் பதிவுக் கருவி இருந்தது, இளைஞர்களிடம் பாட்டு இருந்தது. உங்கள் ஊரிலும் இம்மூன்றும் வெவ்வேறு ஆட்களிடம் இருக்க வாய்ப்புண்டு. அவர்கள் ஒருவரையொருவர் அறியாமல் இருப்பதுதான் பல ஊர்களில் உள்ள குறை.

இனி அன்றாடம். வாரத்தில் வாத்தியத்தைக் கையில் எடுத்து உண்மையாகவே இசையில் மூழ்கும் நேரம் நீங்கள் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகவே இருக்கும் என்பதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். அரங்கு நடத்துபவருக்கு எழுதுவது, பதில் வராவிட்டால் மரியாதையோடு மீண்டும் நினைவூட்டுவது, குழுவில் உள்ள நால்வருக்கும் பொதுவாக ஒரு மாலை நேரத்தைக் கண்டுபிடிப்பது, வாத்தியப் பெட்டிகளை ஏற்றி இறக்க வண்டி ஏற்பாடு செய்வது, வீட்டில் பதிவு செய்த குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் திருத்துவது, பகலில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என்றே பெரும்பகுதி கழியும். இதனால் மனம் சோர்ந்துபோகும் காலங்கள் வரும். புதிய பாட்டு எழுதுவதற்கென்று வாரத்தில் இரண்டு காலைப் பொழுதுகளை ஒதுக்கி, அந்த நேரத்தில் எந்தச் செய்திக்கும் பதில் எழுதாமல் இருப்பவர்களே பத்தாண்டுகள் கழித்தும் பாட்டெழுதிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். சமூக ஊடகத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அடுத்த நிகழ்ச்சி எங்கே, எப்போது, நுழைவு எப்படி என்பது தெளிவாகத் தெரியும்படி வைத்திருந்தால் ஊர் அளவில் அதுவே போதும்.

ஒரு நிகழ்ச்சி நாள் எப்படிப் போகும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரில் உங்கள் பெயர் நிலைப்பதும் கெடுவதும் அங்கேதான். ஒரு வாரத்துக்கு முன்பே, மேடையில் யார் எங்கே நிற்பார்கள், எத்தனை மைக் வேண்டும், எந்த வாத்தியம் நேரடியாக மிக்சருக்குப் போகிறது, மின் இணைப்பு எங்கெங்கே தேவை என்பதை ஒரு பக்கத்தில் வரைந்து ஒலிப்பொறியாளருக்கு அனுப்பிவிடுங்கள். மூன்று குழுக்கள் வாசிக்கும் மாலையில், கடைசியாக வாசிக்கப்போகும் குழு முதலில் சவுண்ட் செக் (நிகழ்ச்சிக்கு முந்தைய ஒலிச் சோதனை) செய்வதும், முதலில் வாசிக்கும் குழு கடைசியாகச் செய்வதும் வழக்கம். அப்படிச் செய்தால் முதல் குழுவின் வாத்தியங்கள் அப்படியே மேடையில் நிற்க, கதவைத் திறந்துவிடலாம். இதை அறியாமல் தாமதமாக வரும் பெரிய குழுவால் பாதிக்கப்படுவது எப்போதும் முதலில் வாசிக்கும் சிறிய குழுதான். அதற்குச் சோதனை நேரமே மிஞ்சுவதில்லை. அறை காலியாக இருக்கும்போது கூர்மையாகக் கேட்கும் ஒலி, ஆட்கள் நிரம்பியதும் மங்கிவிடும். உடல்களும் உடைகளும் உயர் அலைவரிசைகளை உறிஞ்சிக்கொள்வதே காரணம். ஆகவே சவுண்ட் செக்கில் ஒலி கொஞ்சம் கூசுவதாகத் தோன்றினால் உடனே குறைக்கச் சொல்லிப் பொறியாளரை நெருக்க வேண்டாம்.

சிறிய அறைகளில் நான் அடிக்கடி கேட்கும் புகார், பாடுபவரின் குரல் கேட்கவில்லை என்பது. பலர் மைக்கின் அளவைக் கூட்டச் சொல்கிறார்கள். ஆனால் குரலை உயர்த்துவதற்கு ஓர் எல்லை உண்டு. ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி மீண்டும் மைக்குக்குள் புகுந்து ஊளையிடத் தொடங்கும் இடமே அந்த எல்லை. டிரம்ஸும், கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் பெட்டியும் அந்த எல்லையைத் தாண்டி ஒலித்தால், உலகின் எந்த மிக்சராலும் குரலை மேலே கொண்டுவர முடியாது. மென்மையான குரலுடைய ஓர் இளம் பாடகிக்கு நான் ஒலி அமைத்த ஒரு மாலையில், அவருடைய வரிகள் ஒன்றுகூட மூன்றாம் வரிசைக்கு எட்டவில்லை. கிட்டார் ஆம்ப்பை ஒரு நாற்காலி மீது தூக்கி வைத்து, வாசிப்பவரின் காதை நோக்கித் திருப்பினோம். தன் ஒலி தனக்கே நன்றாகக் கேட்டதும் அவர் தாமாகவே அளவைப் பாதியாகக் குறைத்தார். டிரம்மர் தம் முன்னால் உள்ள ஸ்னேர் டிரம் மீது ஒரு துண்டை மடித்துப் போட்டுக்கொண்டார். பாடகி மைக்கின் வலைப்பகுதியை உள்ளங்கையால் பொத்திப் பிடித்திருந்தார்; அப்படிப் பொத்தினால் பின்புற ஒலியைத் தவிர்க்கும் தன்மையை மைக் இழந்துவிடும் என்று சொல்லி, தண்டைப் பிடிக்கச் செய்தோம். இரண்டாவது பாட்டில் அறை அமைதியாகிவிட்டது. அவர் கொண்டுவந்திருந்த குறுந்தகடுகள் எல்லாம் அன்றிரவே விற்றுப்போயின. புதிய கருவி எதுவும் வாங்காமல் நடந்த மாற்றம் இது என்பதால் எல்லா இளைஞர்களுக்கும் இதைச் சொல்லி வருகிறேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் பணம் பேசும் நேரம் வரும். அதை முன்பே பேசி முடித்திருக்க வேண்டும். பொதுவாக மூன்று விதமான ஏற்பாடுகள் உண்டு. ஒரு நிலையான சன்மானம். நுழைவுக் கட்டண வசூலில் பங்கு. இரண்டில் எது அதிகமோ அது. பங்கு என்று சொல்லும்போது எத்தனை விழுக்காடு என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திவிடாமல், பங்கு பிரிப்பதற்கு முன்பு என்னென்ன செலவுகள் கழிக்கப்படும் என்று கேளுங்கள். வாசல் வசூலை நூறு என்று வைத்துக்கொள்வோம். ஒலி அமைப்பு வாடகையாக முப்பது கழிகிறது. மீதி எழுபதில் கலைஞர்களுக்கு எழுபது விழுக்காடு, அரங்குக்கு முப்பது விழுக்காடு. கலைஞர்களுக்கு நாற்பத்தொன்பது வருகிறது. மூன்று குழுக்கள் சமமாகப் பிரித்தால் ஒரு குழுவுக்குப் பதினாறு. நால்வர் உள்ள குழுவில் ஒருவருக்கு நான்கு. எழுபது விழுக்காடு என்று காதில் விழுந்தது, கைக்கு வரும்போது நூறில் நான்காகிவிடுகிறது. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, கணக்கே அப்படித்தான். மூன்று குழுக்களுக்குப் பதிலாக இரண்டு குழுக்களை வைப்பதும், ஒலி அமைப்பு ஏற்கெனவே உள்ள அறையைத் தேர்வதும் ஏன் முக்கியம் என்பது இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவருக்கு விளங்கும். பேசியதை இரண்டு வரியில் எழுதி, இரு தரப்பும் ஒப்புக்கொண்டதாக ஒரு செய்தி அனுப்பி வைத்துக்கொள்வது நட்பைக் கெடுக்காது, பெரும்பாலும் காப்பாற்றும்.

குறிப்பிட்ட எண்ணிக்கையில் டிக்கெட்டுகளைக் கலைஞரே முன்பணம் கொடுத்து வாங்கி விற்க வேண்டும் என்று நிபந்தனை போடும் அமைப்பாளர்களைத் தவிர்த்துவிடுங்கள். நிகழ்ச்சியின் நட்டம் முழுவதையும் அங்கே கலைஞர் சுமக்கிறார்; அமைப்பாளருக்கு ஆட்களை வரவழைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. இலவசமாக வாசிப்பதை நான் அடியோடு மறுப்பவன் அல்லன். ஒரு நண்பரின் முதல் முயற்சிக்கும், நல்ல நோக்கத்துக்காகத் திரட்டப்படும் நிதிக்கும் வாசிக்கலாம். உணவும் மதுவும் விற்று லாபம் பார்க்கும் இடம், உங்களுக்கு விளம்பரம் கிடைக்கும் என்று சொல்லி இலவசமாக அழைத்தால் மறுக்க வேண்டும். நீங்கள் ஒப்புக்கொண்டால், அந்த இடத்தில் அடுத்து வாசிக்கப்போகும் எல்லோருடைய சன்மானத்தையும் குறைத்தவராகிறீர்கள்.

மேடையைத் தவிர்த்த வருவாய்களில், சொல்லிக்கொடுப்பதே பெரும்பாலோருக்கு முதுகெலும்பு. மாதந்தோறும் வரும், பருவத்துக்குப் பருவம் மாறாது. நாடகங்களுக்கும் குறும்படங்களுக்கும் இசையமைப்பது, பிறர் பதிவுகளுக்கு வாசித்துக்கொடுப்பது, விருந்துகளிலும் விழாக்களிலும் எல்லோருக்கும் தெரிந்த பாடல்களை வாசிப்பது, ஒலிப்பொறியாளராக வேலை செய்வது ஆகியவை அடுத்தவை. விழாவில் பிறர் பாடல்களை வாசிப்பதைத் தாழ்வாகக் கருதுபவர்கள் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. மூன்று மணி நேரம் இடைவிடாமல் வாசித்து, ஆடும் கூட்டத்தைப் பார்த்துத் தாளத்தைப் பிடித்து நிறுத்தும் பயிற்சி, சொந்தப் பாட்டின் கட்டுமானத்துக்கு நேராக உதவுகிறது. வேறொரு முழுநேர வேலையில் இருந்துகொண்டு வார இறுதியில் வாசிப்பவர்களும் குறைந்த கலைஞர்கள் அல்லர். வாடகைக்குக் கவலையில்லாததால், பிடிக்காத ஒப்பந்தங்களை மறுக்கும் துணிவு அவர்களுக்கு அதிகம் இருக்கிறது.

உரிமைகளைப் பற்றிப் பலர் காலம் கடந்தே யோசிக்கிறார்கள். 1847இல் பாரிஸ் நகரின் இசை உணவகம் ஒன்றில் உட்கார்ந்திருந்த எர்னெஸ்ட் பூர்ஜே என்ற பாடலாசிரியர், தன்னுடைய பாட்டு தன் அனுமதியில்லாமல் அங்கே வாசிக்கப்படுவதைக் கேட்டு, நீங்கள் என் பாட்டுக்குப் பணம் தராதபோது நான் குடித்ததற்கு ஏன் தர வேண்டும் என்று மறுத்தார். வழக்கு நீதிமன்றம் போனது, அவருக்குச் சாதகமாகத் தீர்ந்தது, அதன் தொடர்ச்சியாக பாடல்களை வாசிக்கும் இடங்களிலிருந்து படைப்பாளிகளுக்காகப் பணம் வசூலிக்கும் சாசெம் என்ற உரிமைச் சங்கம் 1851இல் உருவானது. இன்று பல நாடுகளில் இயங்கும் உரிமைச் சங்கங்களுக்கு அதுவே முன்னோடி. ஓர் உணவகத்தில் நடந்த நேரடி நிகழ்ச்சியிலிருந்துதான் இந்த ஏற்பாடு முழுவதும் பிறந்தது என்பது நம் போன்றவர்கள் மறக்கக் கூடாத செய்தி. உரிமைச் சங்கத்தில் உறுப்பினரானவர், தாம் வாசித்த நிகழ்ச்சியின் பாடல் பட்டியலைச் சங்கத்துக்கு அனுப்பினால், அரங்கு கட்டிய உரிமத் தொகையிலிருந்து தமக்குரிய பங்கைப் பெற பல நாடுகளில் வழியுண்டு. பட்டியலை அனுப்பாமல் விடுவதால் இழக்கும் பணம் சிறியதாகத் தோன்றும். ஆண்டு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பதிவுக்கான செலவு அதில் வரலாம்.

ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருப்பதைத் தெளிவாகப் பிரித்தறிய வேண்டும். வரியும் மெட்டும் சேர்ந்த படைப்பு ஒன்று. அதை ஒரு நாள் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு மற்றொன்று. முதலாவதற்கு 1886ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கையும், வாசித்தவர்களுக்கும் ஒலிப்பதிவுத் தயாரிப்பாளர்களுக்குமான உரிமைகளுக்கு 1961ஆம் ஆண்டின் ரோம் உடன்படிக்கையும் சர்வதேச அடித்தளம். பெர்ன் உடன்படிக்கையின்படி, பதிவு அலுவலகம் எதற்கும் போகாமலே, படைத்த உடனே பாதுகாப்புத் தொடங்கிவிடுகிறது. நிறுவன ஒப்பந்தங்களில் கையெழுத்திடுபவர்கள் பெரும்பாலும் ஒலிப்பதிவின் உரிமையை விட்டுக்கொடுக்கிறார்கள். சுயாதீனக் கலைஞரின் கையில் இரண்டும் இருக்கின்றன, அதுதான் அவருடைய சொத்து. அந்தச் சொத்து கெடுவது வெளியாரால் குறைவு, குழுவுக்குள் எழும் மனவருத்தத்தால் அதிகம். பாட்டு பதிவான அன்றே, யார் வரி எழுதினார், யார் மெட்டமைத்தார், யாருக்கு எத்தனை விழுக்காடு என்று ஒரே தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திட வேண்டும். குழு பிரிந்தால் குழுவின் பெயர் யாருக்கு என்பதையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் அதை அடையாளம் காட்டும், எழுத்தும் எண்ணுமாகப் பன்னிரண்டு இடங்கள் கொண்ட ஐஎஸ்ஆர்சி குறியீடு ஒன்று உண்டு. பாடலை இணையச் சேவைகளுக்கு விநியோகம் செய்பவர் அதைத் தருவார். வேறொரு விநியோகஸ்தருக்கு மாறும்போது அதே குறியீட்டைக் கொண்டுபோனால்தான் பழைய கேட்பு எண்ணிக்கைகள் புதிய இடத்தில் சேர வழியிருக்கும்.

இணையத்தில் பாடலைக் கேட்கவைக்கும் ஸ்ட்ரீமிங் சேவைகளின் வருமானத்தைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டும். பெரும்பாலான சேவைகளில், சந்தா மற்றும் விளம்பரப் பணம் முழுவதும் ஒரே குளமாகச் சேர்ந்து, மொத்தக் கேட்புகளில் உங்களுடைய பங்குக்கு ஏற்பப் பிரிக்கப்படுகிறது. அதாவது, உங்களை மட்டுமே கேட்கும் ரசிகர் கட்டிய சந்தா உங்களுக்கு நேராக வருவதில்லை. அத்தகைய சேவைகளில் ஒன்றான ஸ்பாட்டிஃபை 2024 முதல், கடந்த பன்னிரண்டு மாதங்களில் 1000 கேட்புகளைத் தொடாத பதிவுக்கு ஒலிப்பதிவு ராயல்டி (உரிமைத் தொகை) கணக்கிடுவதில்லை. ஊர் அளவில் வாசிக்கும் கலைஞரின் பாடல்கள் பல இந்த எல்லைக்குக் கீழேயே நின்றுவிடக்கூடும். அதற்காக அங்கே பாடலைப் போடாமல் இருக்க வேண்டியதில்லை. நிகழ்ச்சியில் கேட்டவர் மறுநாள் தேடினால் கிடைக்க வேண்டும், அரங்கு நடத்துபவர் கேட்டால் சுட்டிக்காட்ட வேண்டும். நேரடி விற்பனை வேறு வகை. 2008இல் தொடங்கிய, கலைஞர்கள் ரசிகர்களுக்கு நேராக விற்கும் இணையத்தளமான பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் வழக்கமாக 15 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. பணப் பரிமாற்றச் செலவு போக மீதி கலைஞருக்கு. 2020 மார்ச்சில், நோய்த்தொற்றுக் காலத்தில் மேடைகள் மூடப்பட்டபோது, குறிப்பிட்ட வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கத் தொடங்கியது. ஒருவர் மனமுவந்து ஒரு முழு ஆல்பத்தை வாங்கினால், அது ஆயிரக்கணக்கான கேட்புகளுக்கு ஈடாகிவிடும். அப்படி வாங்குபவர் பெரும்பாலும் உங்களை நேரில் கேட்டவராக இருப்பார்.

காதைப் பற்றி இங்கே அழுத்திச் சொல்கிறேன். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், 85 டெசிபல் ஒலியில் எட்டு மணி நேரம் வரை இருக்கலாம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது என்றும் பரிந்துரைக்கிறது. 88க்கு நான்கு மணி, 91க்கு இரண்டு, 94க்கு ஒன்று என்று இறங்கி, 100 டெசிபலுக்கு வந்தால் கால் மணி நேரம்தான். டிரம்ஸோடு ஒரு சிறிய ஒத்திகை அறையில் இருப்பவர்கள் 100ஐ எளிதாகத் தொட்டுவிடுவார்கள். ஒத்திகையோ இரண்டு மணி நேரம் நடக்கும். காதுக்குள் தொடர்ந்து ரீங்காரம் கேட்கத் தொடங்கிய பின் அதை முழுமையாகப் போக்க மருந்து கிடையாது. இசைக்கலைஞர்களுக்கென்றே செய்யப்படும், எல்லா அலைவரிசைகளையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும் காதடைப்பான்கள் கிடைக்கின்றன. முதல் சன்மானத்தில் எதை வாங்குவது என்று கேட்கும் ஒவ்வொருவருக்கும் அதையே சொல்கிறேன்.

ஊரில் நடந்துகொள்ளும் முறையைப் பற்றி ஒருசில. ஒரே ஊரில் மாதம் நான்கு முறை வாசித்தால், வரக்கூடிய அறுபது பேர் நான்காகப் பிரிந்து பதினைந்து பதினைந்து பேராக வருவார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் ஓரிரண்டு புதுப் பாட்டோடு வாசித்தால் அறை நிறையும். மற்ற நாட்களில் பிறர் நிகழ்ச்சிக்குப் போய் உட்காருங்கள், உங்கள் முறை முடிந்தும் கடைசிக் குழு வாசித்து முடிக்கும்வரை இருங்கள். ஒலிப்பொறியாளரின் பெயரை அறிந்து மேடையிலேயே நன்றி சொல்லுங்கள். அரங்கில் ஒரு பெண் கலைஞரிடமோ ரசிகையிடமோ யாராவது முறைகேடாக நடந்தால், அவர் எவ்வளவு நல்ல வாத்தியக்காரராக இருந்தாலும் அடுத்த முறை அழைக்காதீர்கள். அப்படிப்பட்டவரைப் பொறுத்துக்கொள்ளும் ஊரில் பெண்கள் வருவது மெல்ல மெல்ல நின்றுபோகிறது.

அறைகள் இல்லாவிட்டால் இவற்றில் எதுவும் நடக்காது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 2010 ஜனவரியில் டோட் என்ற புகழ்பெற்ற சிறு அரங்கு, கடுமையான உரிம நிபந்தனைகளின் செலவைத் தாங்க முடியாமல் மூடப்பட்டபோது, அடுத்த மாதமே ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். அந்த அரங்கு பின்னர் மீண்டும் திறந்தது. அந்த மாநிலமான விக்டோரியா 2014இல், ஏற்கெனவே இசை நடக்கும் இடத்துக்கு அருகில் புதிதாகக் குடியிருப்பு கட்டுபவரே ஒலித்தடுப்புச் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையைத் தன் நகரத் திட்டமிடல் விதிகளில் சேர்த்தது. இங்கிலாந்தும் 2018இல் தன் திட்டமிடல் நெறிகளில் அதைச் சேர்த்துக்கொண்டது. அண்டை வீட்டாரின் புகாரால் மூடப்படும் நிலையில் உங்கள் ஊரின் அறை இருந்தால், இரவு எத்தனை மணிக்கு ஒலி நிற்கும் என்று எழுதிக் கொடுப்பதிலும், கதவை மூடி வைப்பதிலும், வெளியே கூட்டமாக நின்று பேசுபவர்களை உள்ளே அழைப்பதிலும் கலைஞர்களும் பங்கெடுக்க வேண்டும். அரங்குக்காரர் ஒருவரால் மட்டும் ஆகிற காரியம் அல்ல அது.

கடைசிக் கேள்வி, பெருநகரத்துக்குப் போவதைப் பற்றியது. திரைப்படப் பின்னணி இசை, விளம்பர இசை, பிறருக்காக ஸ்டுடியோவில் வாசிப்பது ஆகியவற்றில் நாட்டம் இருந்தால் போகத்தான் வேண்டும். அந்த வேலைகள் பெருநகரங்களில்தான் குவிந்திருக்கின்றன. சொந்தப் பாட்டைப் பாடி வாழ்வதே நோக்கமென்றால், முதலில் பக்கத்து ஊரின் ஒரு குழுவோடு மேடை மாற்றிக்கொள்ளுங்கள்: அவர்களை உங்கள் அறையில் வாசிக்க வைத்து, அவர்கள் தங்க உங்கள் வீட்டில் இடம் கொடுங்கள், அடுத்த மாதம் நீங்கள் அங்கே போய் அவர்களுடைய ரசிகர்களுக்கு முன் வாசியுங்கள். இப்படி நான்கைந்து ஊர்களோடு தொடர்பு ஏற்பட்டுவிட்டால், ஆண்டுக்கு இரண்டு முறை ஒரு சிறிய சுற்றுப்பயணம் தானாகவே அமையும். வாடகை குறைந்த ஊரில் இருப்பவருக்குப் பாட்டெழுத நேரம் கிடைக்கும். பெருநகரத்தில் அதே நேரத்தை வாடகைக்காக விற்க வேண்டியிருக்கும். ஊரில் வாசிக்க ஒரே ஓர் அறைகூட இல்லை, நீங்கள் வாசிக்கும் வகை இசையைக் கேட்பவர் பத்துப் பேர்கூட இல்லை, ஓராண்டு நீங்களே நிகழ்ச்சிகள் நடத்திப் பார்த்தும் அந்த நிலை மாறவில்லை என்றால், அப்போது தயங்காமல் புறப்படுங்கள். ஆனால் போகும் நகரத்திலும் முதல் ஆறு மாதங்கள் மேடை கேட்காமல், பிறர் நிகழ்ச்சிகளுக்குப் போய்க் கேட்பவராகவும் பெட்டி தூக்க உதவுபவராகவும் இருங்கள்.